சாறு உள்ளே, சக்கை குப்பையிலே

வீட்டில் பிழிந்த பழச்சாற்றில் நிறமி இல்லை, பதப்படுத்தும் பொருள் இல்லை, சீனியும் சேர்க்கவில்லை. ஆகவே எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர்களே, "சீனி சேர்க்கவில்லை" என்பது வேறு, "சீனி இல்லை" என்பது வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாறு எடுக்க ஏறக்குறைய 3 பழங்கள் தேவை. அதில் சுமார் 20 கிராம் சீனி இருக்கும். அதாவது 5 தேக்கரண்டி. 3 ஆரஞ்சுகளை உரித்துச் சாப்பிட உட்கார்ந்தால், இரண்டாவது பழத்திலேயே போதும் என்று தோன்றும். சாறாக இருந்தால் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

காரணம் என்ன? பழத்தில் உள்ள சீனி, செல்சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நாம் மென்று விழுங்கும்போது நார்ச்சத்தும் உடன் செல்வதால் வயிறு நிறைகிறது. சாறு பிழியும் இயந்திரமோ சுவர்களை உடைத்து, நாரைச் சக்கையாக ஒதுக்கிவிடுகிறது. அதைத்தான் நாம் குப்பையில் கொட்டுகிறோம்.

1977-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், 10 பேருக்கு ஆப்பிள் முழுப் பழமாகவும் மசியலாகவும் சாறாகவும் கொடுக்கப்பட்டது. மாவுச்சத்தின் அளவு மூன்றிலும் ஒன்றே. பழத்தை விடச் சாற்றை 11 மடங்கு வேகமாக உட்கொள்ள முடிந்தது. ஒரே வேகத்தில் உட்கொள்ளச் செய்தபோதும், சாறு குடித்தபோதுதான் வயிறு நிறைந்த உணர்வு மிகக் குறைவாக இருந்தது. பழம் சாப்பிட்டபோது இருந்ததைவிட இன்சுலினும் அதிகமாக உயர்ந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி, பழச்சாற்றில் உள்ள சீனியை நாம் பானத்தில் கொட்டும் சீனியோடு சேர்த்தே கணக்கிடுகிறது. முழுப் பழத்தின் சீனியை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு உச்ச வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு சான்று நம் வீடுகளிலேயே உண்டு. இனிப்புநீர் நோயாளிக்கு இரத்தத்தில் குளுக்கோஸ் திடீரெனக் குறைந்தால், அரை கிளாஸ் பழச்சாறு கொடுக்கச் சொல்வார்கள். அது குளுக்கோஸ் அளவை விரைவாக உயர்த்துகிறது. அந்த நேரத்தில் அது மருந்து. அதே சாற்றை, "இயற்கையானதுதானே" என்று பாட்டிக்குத் தினமும் பெரிய கிளாஸில் கொடுத்தால் என்ன ஆகும்? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. இதைச் சாதாரண விஷயமாக ஒதுக்கிவிட முடியாது.

சாறே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழச்சாற்றில் வைட்டமின் சி உண்டு. பழத்தையே தொடாதவருக்கு ஒரு சிறிய கிளாஸ் சாறு எவ்வளவோ மேல். ஆனால் அது பழத்துக்கு ஈடு ஆகாது. காலைப் பசியாறலுக்கும் ஈடு ஆகாது. மென்று தின்னக்கூடிய பழத்தைத் தின்போம். அரைத்துத்தான் குடிக்க வேண்டுமென்றால் வடிகட்டாமல் குடிப்போம். வெள்ளரிக்காய் போன்ற சீனி குறைந்த காய்களை அதிகமாகவும் பழத்தைக் குறைவாகவும் சேர்ப்போம். கேரட் சாற்றில் கெட்டிப்பால் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். படிவம் 2-இல் பெனடிக்ட் கரைசல் சோதனையைப் படித்திருப்பீர்கள். ஆசிரியரின் அனுமதியோடு, சீனி சேர்க்காத வீட்டுப் பழச்சாற்றைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள். செங்கல் நிற வீழ்படிவு தோன்றினால், அதை வீட்டில் அம்மா அப்பாவிடமும் விளக்கிச் சொல்லுங்கள்.