கடை போட உரிமை வேண்டும்

தி. நகர் வடக்கு உஸ்மான் சாலையில் இருக்கும் ரெப்கோ வங்கியில் நகைக்கடன் வாங்கியவர்கள் ஏராளம். அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பது பலருக்கும் மறந்துபோயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969-இல் மத்திய அரசு தொடங்கிய கூட்டுறவு வங்கி அது.

அதே ஆண்டில்தான் பாரிமுனைக்குப் பக்கத்தில் ராஜாஜி சாலையோரமாகப் பர்மா பஜார் முளைத்தது. 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பலேறிய தமிழர்கள் பலர் நகையைக்கூட அங்கேயே பறிகொடுத்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்கள் கட்டிய துணியோடு சென்னையில் இறங்கினார்கள். நடைபாதையில் சின்னச் சின்னக் கடைகள் போட இடம் கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது. எண்பதுகளில் மயிலாப்பூர், அடையாறு வீடுகளுக்கு டேப் ரெக்கார்டரும் வெளிநாட்டு சென்ட்டும் வாங்க அங்கேதான் போனோம். கடத்தல் சரக்கு என்ற பேச்சும் கூடவே வந்தது. அது முழுப்பொய்யும் அல்ல.

சாயங்காலம் பக்கத்துத் தெருக்களில் அத்தோ என்ற பர்மிய உணவு விற்கும் வண்டிகள் நிற்கும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ள முட்டை பேஜோ, குடிக்க வாழைத்தண்டு சூப். இன்று அது சென்னைச் சாப்பாடு.

பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியே கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்ட சிலர் மணிப்பூரின் மோரேயில் தங்கி, அங்கும் வணிகத்தை வளர்த்தார்கள், கோயிலும் கட்டினார்கள்.

கென்யத் தலைநகர் நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதிக்கும் இதே கதைதான். ஒருகாலத்தில் இந்திய வம்சாவளியினர் நிறைந்திருந்த பேட்டை அது. 1991-இல் சோமாலியா சிதறியபோது ஓடிவந்தவர்கள் கரிசா லாட்ஜ் போன்ற விடுதிகளில் அறை எடுத்தார்கள். இரவில் படுக்கை, பகலில் அதே அறையில் துணி வியாபாரம். பிறகு அந்த வட்டாரமே வணிக வளாகங்களாக மாறியது. துபாய்ச் சரக்குக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து வியாபாரிகள் அங்கே வருகிறார்கள்.

குடியுரிமைக் காகிதம் இல்லாமலே ஈஸ்ட்லீக்காரர்கள் வளர்ந்துவிட்டார்களே என்று கேட்கலாம். அங்கே முதல் போட்டவர்களில் கென்யக் குடியுரிமை உள்ள சோமாலியர்கள் கணிசம். அகதிகளுக்கோ முகாம்தான் விதி. நகரத்தில் பிழைக்கப் போலீசுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் நடந்த தேடுதல் வேட்டையில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துப் பலரைக் கசரானி மைதானத்தில் அடைத்தார்கள். அப்படி ஒரு வாரம் வந்தால் கடைக்காரரின் பல வருட உழைப்பு போய்விடும்.

எனக்கு உறுத்துவது நம் ஊர் நிலைமை. 1983-க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களில் 50,000 பேருக்கு மேல் இன்னும் தமிழக முகாம்களில் இருக்கிறார்கள். பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினோம், புது வீடுகளும் கட்டுகிறோம், நல்ல காரியம்தான். ஆனால் பட்டம் படித்த பையன் பெயிண்ட் அடிக்கப் போகிறான். முகாமின் கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இப்படி இருப்பவன் வெளியூரில் கடை பிடித்து, கடன் வாங்கி, சரக்கு இறக்குவது எப்படி? பர்மாவிலிருந்து வந்தவர்களைவிட இவர்களுக்குத் திறமை குறைவா? அவர்களைக் குடிமக்களாக ஏற்றோம், இவர்களை ஏற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சிறைப் பயம் தீர்ந்தது; குடியுரிமை வரவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்காவது அதை முதலில் கொடுக்க வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பாராமல் இதற்கு ஒரு திருத்தத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.