ஆறு மாதத்தில் எக்ஸ்ரே படிப்பா?

பிளஸ் டூ முடிவு வந்தவுடன் திருப்புட்குழி போன்ற நெசவு ஊர்களிலும், தறியில் உட்கார விரும்பாத மகளை எதில் சேர்ப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. ஆறு மாதத்தில் ரேடியோகிராபர் ஆகலாம் என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைத்தாவது பணம் கட்டிவிடுகிறோம்.

சமுதாயக் கல்லூரிகளை நாம் குறை சொல்லவில்லை. 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய அம்முயற்சி, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் தொழில் கற்றுத் தந்தது. ஆனால் கதிர்வீச்சைக் கையாள்வது தையல் வகுப்பு அல்லவே! துணை மருத்துவப் பணிகளுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், குறைந்தது இரண்டு ஆண்டுகளில் 2,000 மணி நேரப் படிப்பைக் கேட்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் இந்தக் கணக்கில் சேராது.

அதற்காக இத்துறையை விட்டுவிடவும் கூடாது. மேமோகிராம் எடுக்கும்போது பெண்ணின் மார்பகத்தைக் கருவியில் பொருத்தி, அழுத்திப் படம் பிடிக்க வேண்டும். அங்கே ஓர் ஆண் நின்றால் நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் உள்ளே போவார்கள்? காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனையே இருந்தும், வெட்கத்தால் நோயை முற்றவிடுவது ஹயா ஆகாது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கு டிப்ளமோவும் பட்டப்படிப்பும் உண்டு, முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். தனியாரிடம் போனால், பயிற்சி எந்த மருத்துவமனையில், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டை மாணவிக்குத் தருவார்களா என்று கேட்ட பிறகே பணத்தை எடுங்கள்.