5 டாலர் டிக்கெட்டும் எங்கள் காஸ்டிங் வகுப்பும்

"வாடிக்கையாளர் எவ்வளவு கொடுக்கத் தயாரோ, அதுதான் விலை." விலை நிர்ணயம் பாடத்தில் நான் எழுதிக்கொண்ட முதல் வரி இது. பி.காம் படிக்கும் எல்லோருடைய நோட்டிலும் இருக்கும். அன்று ராத்திரி ஹெட்ஃபோனில் ஃபுகாஸி கேட்டுக்கொண்டிருந்தேன். பாடத்துக்கும் பாட்டுக்கும் ஒத்தே போகவில்லை!

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஃபுகாஸி, வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த பங்க் இசைக்குழு. இயன் மெக்கே, கை பிசியோட்டோ, ஜோ லாலி, பிரெண்டன் கேன்ட்டி என்று நாலு பேர். 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான்.

1991ல் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' விற்றுத் தள்ளியதும், பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி குழுக்களை வலைவீசித் தேடின. ஃபுகாஸிக்கும் அழைப்பு வந்தது. அவர்கள் போகவில்லை. மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் 1980ல் ஆரம்பித்த டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸிலேயே இருந்துவிட்டார்கள். அங்கே எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்கூடக் கிடையாது. செலவு போக மிஞ்சுவதைக் கம்பெனியும் குழுவும் பங்கு போட்டுக்கொள்ளும். கடைக்காரர் விலையை ஏற்றிவிடக் கூடாது என்று ஆல்பத்திலேயே தபால் செலவு சேர்த்து விலையை அச்சடித்தார்கள். டி-ஷர்ட்டும் விற்கவில்லை. அதனால் வேறு யாரோ "இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல" என்று அச்சடித்து விற்றுக் காசு பார்த்தார்கள் :-)

இதைச் சொன்னதும் நண்பன் ஒருவன், "பிழைக்கத் தெரியாதவங்கடா" என்றான். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு.

அவர்கள் தர்மம் செய்யவில்லை, கணக்குப் போட்டார்கள். மேனேஜர் இல்லை, நிகழ்ச்சி ஏற்பாடுகளை மெக்கேயே பேசி முடித்தார். வேனில் பயணம், பல ஊர்களில் தெரிந்தவர் வீட்டில் தூக்கம். நாம் செலவைக் கூட்டி, அதன் மேல் லாபத்தை வைத்து விலை போடுகிறோம். அவர்கள் முதலில் விலையை எழுதிவிட்டு, அதற்குள் செலவை அடக்கினார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கும் 'டார்கெட் காஸ்டிங்' என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அங்கே செலவைக் குறைப்பது லாபத்துக்காக. இவர்கள் குறைத்தது வாசலில் நிற்கும் பையனுக்காக.

அந்தப் பையனைத்தான் நான் யோசிக்கிறேன். அமெரிக்காவில் பல கிளப்புகளுக்கு வருமானமே மது விற்பனைதான். அதனால் 21 வயது ஆகாதவனுக்கு உள்ளே இடமில்லை. எல்லா வயதினரையும் விட்டால்தான் வாசிப்போம் என்பது ஃபுகாஸியின் நிபந்தனை. கையில் காசு குறைவு, வயதும் 16. அவனுக்கும் சேர்த்துத்தான் அந்த 5 டாலர்.

எல்லோராலும் இப்படி முடியாது என்பது நியாயமான வாதம். மெக்கேவுக்கு மைனர் த்ரெட் காலத்திலேயே பெயர் இருந்தது, சொந்தக் கம்பெனியும் இருந்தது. வீட்டு வாடகைக்கே திண்டாடும் புதுக் குழுவிடம் போய் "5 டாலருக்கு வாசி" என்று உபதேசம் செய்வது அநியாயம். டிக்கெட் விலை ஏறினாலே துரோகம் என்று கத்தும் ரசிகர் கூட்டத்திலும் நான் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதிக விலைக்கு விற்க முடியும் என்பதாலேயே விற்றுத்தான் ஆகவேண்டுமா?

2003 முதல் குழு ஓய்வுக்குப் போய்விட்டது. 2011 டிசம்பரில், பதிவு செய்து வைத்திருந்த 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை இணையத்தில் ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார்கள். சொன்ன விலை அதே 5 டாலர். விருப்பப்பட்டால் கூடவோ குறையவோ கொடுக்கலாம் என்றும் வைத்தார்கள்.

பரீட்சையில் வந்தால் நோட்டில் இருக்கும் அந்த வரியைத்தான் எழுதுவேன், மார்க் வேண்டுமே! ஆனால் நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனியில் உட்கார்ந்து நானே ஒரு விலையை எழுதும்போது, இதனால் யார் வாசலில் நின்றுவிடுகிறார்கள் என்று ஒருமுறையாவது யோசிப்பேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?