பத்துக்குப் பத்து ரூமுக்கு 5,000 வாட்ஸ் எதுக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? ஸ்பீக்கர் வாங்கப் போனால், அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பி.எம்.பி.ஓ வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு அது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். சின்ன ரூமுக்கு 20 முதல் 40 வாட்ஸ் தாராளம்.

இன்னொரு சிக்கல், காது. எட்டு மணி நேரம் மெஷின் இரைச்சலில் நின்ற காது, வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் மந்தமாகவே இருக்கும். கை தானாக வால்யூமைக் கூட்டும். ஓய்வு நேரத்திலும் காதுக்கு ஓவர்டைம்! வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. ஃபேக்டரியிலேயே அந்தக் கோட்டா தீர்ந்துவிடலாம்.

குடியிருப்புப் பகுதிகளுக்கு பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆனால், நைட் ஷிஃப்ட் முடித்தவருக்குப் பகல்தான் ராத்திரி. அந்தக் கணக்கு விதியில் இல்லை. சப்-ஊஃபரின் 'தும் தும்' சுவரைத் தாண்டி அவரை எழுப்பிவிடும்.

அதனால் இரண்டே ஸ்பீக்கர் கொண்ட 2.0 செட் போதும். சப்-ஊஃபர் வேண்டுமென்றால், பாஸைத் தனியாகக் குறைக்கும் வசதி இருக்கட்டும். கடையில் வால்யூமைக் கூட்டிப் பார்க்காதீங்க, குறைத்துப் பாருங்க. அப்பவும் பேச்சு தெளிவாகக் கேட்டால், அதுதான் நல்ல ஸ்பீக்கர்.