ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்

இளைஞர்களிடம் ஊக்கம் இல்லை என்பது எமது பங்குச் சபைகளிலும் கிராம அபிவிருத்திச் சங்கங்களிலும் ஓயாமல் கேட்கும் முறைப்பாடு. இதற்குப் பரிகாரமாகக் கருத்தரங்குகள் நடத்தப்படுகின்றன. வெளியூரிலிருந்து வளவாளர் ஒருவர் வருகிறார். கழுகின் கதை சொல்கிறார், தவளையின் கதை சொல்கிறார். மனம் வைத்தால் மலையையும் நகர்த்தலாம் என்கிறார். நாங்கள் கைதட்டுகிறோம். மதியம் சோற்றுப் பார்சல் தருகிறார்கள். மறுநாள் விடிய நாலரைக்கு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும்போது அந்தக் கழுகும் இல்லை, தவளையும் இல்லை.

அந்த வளவாளர்களைக் குறை சொல்வது எமது நோக்கமன்று. ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்பதே எமது கருத்து. இக்கரையோரத்தில் வளர்ந்த கிறிஸ்தவ இளைஞர்களாகிய எங்களிடமும், எம்முடன் ஒன்றாக வளர்ந்த முஸ்லிம் இளைஞர்களிடமும் குறைவாக இருப்பது மனவலிமை அல்ல. எங்கள் வீடுகளில் எதைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்று உண்டு. 'ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்' என்பதுதான் அது. கூரை ஒழுகினாலும் அதே பதில், பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்.

இச்சொல் சும்மா பிறந்ததல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். முசலியில் வயல் விதைத்தவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் புகுந்தனர். யுத்தத்தின் வெவ்வேறு காலங்களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் இப்பக்கம் வந்து சேர்ந்தன. நாளைக்கோ அடுத்த மாதமோ திரும்பிவிடலாம் என்று நம்பியிராவிட்டால் அந்த முதல் வருடங்களை எமது பெற்றோர் தாண்டியிருக்க மாட்டார்கள். ஆனால் 35 வருடங்களாகிவிட்டன. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் போனார்கள், சிலர் போய்த் திரும்பி வந்தார்கள், சிலர் அங்கும் இங்குமாக இருக்கிறார்கள். அன்று உயிர் காத்த சொல் இன்று வாழ்வை ஒத்திவைக்கும் சொல்லாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. 'இங்கேயே வேரூன்றிவிட்டால் அங்கே எமக்கு இருப்பதும் போய்விடும்' என்ற பயம் வெறும் கற்பனையல்ல. 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது, வீட்டை ஏற்றால் ஊர்க் காணியின் உரிமை போய்விடுமோ என்று தயங்கிய குடும்பங்கள் உண்டு. எந்த மாவட்டத்தில் வாக்காளராகப் பதிவது என்பது இன்றும் தலையிடி. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தபோது, மக்கள் இல்லாத காலத்தில் மரங்கள் வளர்ந்த நிலத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற வழக்கு எழுந்தது. ஆகவே தயங்கும் தகப்பனைச் சோம்பேறி என்று சொல்ல எமக்கு உரிமையில்லை.

அப்படியானால் விசுவாசம் எமக்கு என்ன சொல்கிறது? விவிலியத்தில் எரேமியா இறைவாக்கினரின் நூலை எடுத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்கிறோம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்பவர் இனிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எரேமியாவோ எழுபது வருடம் என்றார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரம் நன்றாயிருக்க மன்றாடுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். எழுபது வருடம் என்று கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிரசங்கங்களில் இது சில வேளை வருவதுண்டு. ஆனால் அதே நூலின் 32ஆம் அதிகாரம் அவ்வளவாக வருவதில்லை. பகைவர் எருசலேமை முற்றுகையிட்டிருக்கும்போது, அதே எரேமியா தமது ஊராகிய அனத்தோத்தில் ஒரு வயலைப் பதினேழு வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் கையொப்பமிட, அந்த உறுதியை மண்பாண்டத்துக்குள் வைத்துக் காப்பாற்றச் சொல்கிறார். அங்கே தோட்டம் வை என்று சொன்னவரும் இங்கே உறுதியைப் பத்திரப்படுத்து என்று சொன்னவரும் ஒருவரே. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று எமக்கு யார் கற்பித்தார்கள்? இங்கே தென்னம்பிள்ளை நடுவது ஊரைக் கைவிடுவதல்ல. ஊர்க் காணியின் உறுதியைப் பெட்டிக்குள் வைத்திருப்பது இந்த மண்ணுக்குத் துரோகமுமல்ல. முஸ்லிம் வாசகர்களுக்கு நாம் இதை விளக்கத் தேவையில்லை. மக்காவை விட்டு மதீனாவுக்கு வந்தவர்களின் வரலாறு அவர்கள் அறிந்ததே. இங்கு வந்தோரை முஹாஜிர்கள் என்றும் இடம் கொடுத்தோரை அன்ஸாரிகள் என்றும் அவர்கள் அழைத்துக்கொண்டதும் அதனால்தான்.

இனி எமது கண்முன் இருக்கும் ஒரு விடயத்துக்கு வருவோம். அது கிணறு.

கற்பிட்டித் தீபகற்பம் கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். முசலியில் அகத்திமுறிப்புக் குளத்தை நம்பி வயல் செய்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய மண். குளத்துத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். குறைந்தால் ஊரே அறியும். இங்கே தண்ணீர் மணலுக்குள் மறைந்திருக்கிறது. மழைநீர் கீழிறங்கி, பாரம் கூடிய உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இறைத்து இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால், கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி மேலேற இடம் கொடுக்கிறோம்.

உரத்தின் கதையும் அப்படியே. களிமண் வயல் உரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மணல் வைத்திருக்காது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளி வைக்கும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இத்தீபகற்பத்தின் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மாப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதைத் தாய்மாருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

'ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்' என்பவர் இந்தக் கிணற்றைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அது வேறொருவரின் கிணறு, குத்தகைக் காணி, இன்னும் இரண்டு போகம் இறைத்தால் போதும். ஆனால் அந்த இரண்டு போகம் 35 வருடமாக நீண்டு, எங்கள் தம்பி தங்கைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்து வளர்ந்திருக்கிறார்கள்.

மாற்றம் என்றால் மேலிருந்து வரும் கட்டளை என்று நினைப்போரும் உண்டு. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், அதே வருடம் நவம்பரில் தடை தளர்ந்தது. உரத்தைக் குறைப்பது நல்லதே. ஆனால் கமக்காரருடன் இருந்து, அவர் மண்ணைப் பார்த்து, போகத்துக்குப் போகம் குறைத்துப் பழக்காமல் செய்த நல்லது எங்களுக்குப் பசியாகவே வந்து சேர்ந்தது.

பழக்கிக்கொள்வது எப்படி என்பதற்கு இந்த மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. புனித யோசவ் வாஸ் அடிகளார் 1687இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தபோது, ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்தனர். கூலியாள் வேடத்தில் வந்த அவர் வயிற்றோட்டத்தால் சாகக் கிடந்தார். யாழ்ப்பாணத்தில் பிடிபடும் ஆபத்து மிகவே, கண்டி அரசின் கீழிருந்த புத்தளத்துக்கு 1690இல் வந்தார். அவரும் இக்கரைக்கு வந்த ஓர் அகதிதான் எனலாம். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே தமிழ் கற்றிருந்தார். 1692இல் கண்டியில் ஒற்றர் என்று சிறையிலிட்டார்கள், அங்கே சிங்களம் கற்றார். 1697இல் அந்நகரில் அம்மை நோய் பரவி ஆட்கள் ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளருக்குக் கொட்டில் போட்டுப் புண் கழுவினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது திரண்டவர்களில் எமது பங்குகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். அவரது படம் பல வீடுகளில் தொங்குகிறது. படத்துக்கு மாலை போடுவதைவிட, அவர் முதலில் அயலாரின் பாஷையைக் கற்றார் என்பதைக் கவனிப்பது எமக்குப் பயன் தரும். சிங்களம் தெரியாமல் பிரதேச செயலகத்துக்குப் போய்த் திரும்பிய எவரும் இதை ஒத்துக்கொள்வர்.

இன்னொருவர் தூர தேசத்தவர். பெல்ஜியத்தில் யோசேப் கார்டைன் என்ற குருமாணவர் விடுமுறைக்கு வீடு வந்தபோது, கூடப் படித்த தோழர்கள் தொழிற்சாலைகளில் வாடி, அவரை அந்நியராகப் பார்த்தார்கள். அந்த வேதனையிலிருந்தே இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் உருவாயிற்று. பார், சீர்தூக்கு, செயற்படு என்பது அதன் வழிமுறை. அதில் 'ஊக்கம் கொள்' என்ற சொல் இல்லை. ஏனெனில் ஊக்கம் முதலில் வருவதில்லை. ஒரு சிறு வேலையை நாலு பேர் சேர்ந்து செய்து முடித்த பின்னரே அது வருகிறது.

உறுதியைக் காப்பதும் இவ்வகை வேலைதான். வில்பத்துக்கு அப்பாலுள்ள முள்ளிக்குளம் கத்தோலிக்க மக்களின் ஊர். 2007 செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார்கள், கடற்படை முகாம் அமைந்தது. 2017இல் ஒரு மாதத்துக்கு மேலாகப் பந்தலில் இருந்து போராடி, ஏப்ரல் இறுதியில் ஒரு பகுதிக் காணியை விடுவிக்கும் வாக்குறுதியைப் பெற்றார்கள். முன்னின்றவர்களில் பெரும்பாலோர் தாய்மார். அவர்கள் ஒவ்வொரு நாளும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வாழ்வை நிறுத்தி வைத்துவிட்டு யாரும் போராடவில்லை.

2019 ஏப்ரல் 21ஐப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஈஸ்டர் நாளில் ஆலயங்களில் குண்டு வெடித்தபின், எமது வீடுகளில் அயலவரைப் பற்றிய பேச்சு மாறியது. மே 13இல் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் மனிதர் கொல்லப்பட்டார். ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் சில வாரம் வெவ்வேறு நேரத்தில் அள்ளினார்கள். 1990இல் துரத்தப்பட்டவர்கள் இரண்டாம் முறையும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். அந்நாட்களில் வழமைபோல் ஒரே நேரத்தில் கிணற்றடிக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் செய்ததைவிடப் பெரிய விசுவாச அறிக்கையை நாங்கள் அவ்வருடம் கேட்கவில்லை.

எமது வேண்டுகோள்கள் சிறியவை. இம்முறை கருத்தரங்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கிணற்றுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வழி சொல்வார். குடிக்கும் கிணற்றையும் தோட்டக் கிணற்றையும் வேறு வேறாகப் பரிசோதிக்க வேண்டும். ஊர்க் காணியின் உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிச் சிட்டை எதுவாயினும் பிரதி எடுத்து, ஒன்றைப் பெற்றோரும் ஒன்றைப் பிள்ளைகளும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு நின்ற மரங்களின் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டு இப்போதே எழுதுங்கள். அவர்களுக்குப் பின் அதைச் சொல்ல ஆளிருக்காது.

எமது குழுவில் இப்போது ஏழு பேர்தான், அதில் மூவர் முஸ்லிம் இளைஞர்கள். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்று பள்ளிக் கொப்பியொன்றில் குறித்து வருகிறோம். இரண்டு தோட்டக்காரர் குறிக்க விடுவதில்லை. மற்றவர்கள் விடுகிறார்கள். மாரி மழைக்கு முன்னரும் பின்னரும் கிணற்று நீர்மட்டத்தை அளக்க முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றும் வைத்திருக்கிறோம். வேறு கிராமங்களில் யாராவது இதைச் செய்ய விரும்பினால் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆசிரியருக்கு எழுதுங்கள்.