காரை ஒப்பிடும் முன் காலண்டரைப் பாருங்கள்

தலைநகர் தில்லியில் ஒரு குடும்பம் மோட்டார் கார் வாங்குவதென்றால் ஒரு காலத்தில் யோசிக்க அதிகம் இருந்ததில்லை. அம்பாஸடர், பியட் என்ற இரண்டுதான் கண்ணில் படும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதே வாங்குபவரின் வேலை. 1983 டிசம்பர் 14ஆம் தேதி குர்காவ்ன் தொழிற்சாலையில் முதல் மாருதியின் சாவி கைமாறிய பிறகே அந்த நிலை மெல்ல மாறத் தொடங்கியது.

இன்று காத்திருக்கும் தொல்லை ஏறக்குறைய நீங்கிவிட்டது. அதன் இடத்தில் ஒப்பிடும் தொல்லை வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத் தலைநகர்த் தமிழர்களில் வசதி படைத்தவர்களிடம் தெளிவாகக் காணலாம். வக்கீல்கள், டாக்டர்கள், கம்பெனி அதிகாரிகள் என்று பலர் 'எஸ்.யு.வி.' எனப்படும் உயரமான சொகுசு வண்டியின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நடுத்தர அளவில் அவர்கள் முன் முக்கியமாக நிற்பவை இரண்டு. ஒன்று பி.எம்.டபிள்யூ. எக்ஸ்-3, மற்றொன்று மெர்ஸிடிஸ்-பென்ஸ் ஜி.எல்.சி.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. முக்கால் கோடி ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலான ஒப்பீடுகள் குதிரைத்திறனில் தொடங்கித் தோல் இருக்கையில் முடிந்துவிடுகின்றன. தில்லியில் வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வண்டியைத் தலைநகரின் தெருவில் எத்தனை ஆண்டுகள் ஓட்ட முடியும்? அதற்கான விடை வண்டியின் பெயரில் இல்லை. அது குடிக்கும் எண்ணெயில் இருக்கிறது.

வண்டிகள் இரண்டும் எப்படி?

முதலில் வண்டிகளுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். ஜி.எல்.சி. மஹாராஷ்டிரத்தில் புனே அருகே சாகனில் பூட்டப்படுகிறது. எக்ஸ்-3 சென்னையை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007 முதல் இயங்கிவரும் ஆலையில் பூட்டப்படுகிறது. ஊர்ப் பற்றினால் மட்டும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லதல்ல என்றாலும், இதைக் கேட்டு எந்தத் தமிழருக்கும் சிறிது மகிழ்ச்சி உண்டாகவே செய்யும்.

இப்போதைய ஜி.எல்.சி. 2023 ஆகஸ்டில் வந்தது. அப்போது பெட்ரோல் வண்டி 73.50 லட்சம், டீசல் வண்டி 74.50 லட்சம் என்று விலை வைத்தார்கள். இப்போதைய எக்ஸ்-3 தில்லியில் 2025 ஜனவரியில் நடந்த வாகனக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. பெட்ரோலுக்கு 75.80 லட்சம், டீசலுக்கு 77.80 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய வண்டிகள் மீதான சரக்கு-சேவை வரி, மேல்வரியும் சேர்ந்து 50 சதவிகிதமாக இருந்தது, 40 சதவிகிதமாகக் குறைந்தது. ஆகவே இன்றைய விலையைக் கடையில் கேட்டறிய வேண்டும். விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

நீளத்தில் எக்ஸ்-3 4,755 மில்லிமீட்டர், ஜி.எல்.சி. 4,716. பெட்டி படுக்கை வைக்கும் இடம் எக்ஸ்-3இல் 570 லிட்டர், ஜி.எல்.சி.யில் 620. ஐரோப்பிய மோதல் சோதனையில் இரண்டும் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. ஓட்டுகிறவருக்கு எக்ஸ்-3, பின்னால் அமர்கிறவருக்கு ஜி.எல்.சி. என்பது பொதுவான அபிப்பிராயம். டீசலில் இரண்டின் சக்தியும் அநேகமாக ஒன்றே. பெட்ரோலில் மட்டும் வித்தியாசம் பெரிது. ஜி.எல்.சி. 258 குதிரைத்திறன் கொண்டது. முதலில் வந்த எக்ஸ்-3 பெட்ரோல் வண்டி 190தான். பின்னர் பி.எம்.டபிள்யூவும் கூடுதல் சக்தியுள்ள பெட்ரோல் வகையைக் கொண்டு வந்தது. எனவே எக்ஸ்-3 என்று பெயர் சொன்னால் போதாது. எந்த எக்ஸ்-3 என்று கேட்க வேண்டும்.

இவ்வளவுதான் வேறுபாடு. இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. நஷ்டம் நுழையும் வாசல் வேறு.

சட்டம் வகுத்த ஆயுள்

மோட்டார் வாகனச் சட்டம் சொந்த வண்டியின் பதிவுச் சான்றுக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. தில்லியிலோ நிலைமை வேறு. 2014 நவம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் தலைநகரில் ஓடக் கூடாது என்றது. 2015 ஏப்ரலில் டீசல் வண்டிகளுக்கு அந்த எல்லையை 10 ஆண்டாகக் குறைத்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

இடையில் பெரிய டீசல் வண்டிகளுக்குத் தனியாக ஓர் அடி விழுந்தது. 2015 டிசம்பரில் 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் எஸ்.யு.வி.க்களையும் சொகுசுக் கார்களையும் தலைநகர் வட்டாரத்தில் பதிவு செய்வதையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மறு மாதமே மஹிந்திரா கம்பெனி 2000க்குச் சற்றுக் கீழே எஞ்சினைச் சுருக்கிக் கொண்டு வந்தது. 2016 ஆகஸ்டில், விலையில் ஒரு சதவிகிதம் சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடை நீங்கியது. இன்றைய எக்ஸ்-3, ஜி.எல்.சி. இரண்டின் டீசல் எஞ்சினும் 2000 சி.சி.க்கு மயிரிழை கீழேதான் இருக்கின்றன. வேலியை ஒட்டியே நிற்கும் பயிர் இது. வேலி நகர்ந்தால் பயிரின் கதி என்ன என்பதை வாங்குபவர்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

2025 ஜூலை முதல் தேதி வேலி உண்மையிலேயே நகர்ந்தது. ஆயுள் முடிந்த வண்டிகளுக்குத் தில்லி பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் கிடையாது என்றார்கள். நம்பர் பலகையைப் படிக்கும் கேமராக்களும் வந்தன. மக்களின் எதிர்ப்பினால் சில நாட்களில் அது தள்ளி வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் தேதி, வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பரில் அந்தக் காப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்குப் பிந்தைய தரமும் கொண்ட வண்டிகளுக்கே என்று வரையறுத்தது.

இன்று விற்கும் வண்டிகள் பி.எஸ்.-6 தரம், அவற்றுக்குக் காப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது இடைக்காலக் காப்பு. பத்தே ஆண்டுகளில் தீர்ப்பாயமும், நீதிமன்றமும், ஆணையமும், அரசுமாக எத்தனை முறை நிலை மாறியிருக்கிறது என்பதை மேலே உள்ள தேதிகளே சொல்லும். 2036இல் எந்த விதி இருக்கும் என்று யாராலும் எழுதித் தர முடியாது.

பென்சிலை எடுத்துக் கணக்கிட்டால்

டீசல் வண்டி எண்ணெய்ச் செலவில் மிச்சம் பிடிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதைச் சோதிப்பது கடினமல்ல. தில்லியில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தனியார் காருக்குச் சாலை வரி பெட்ரோலுக்கு விலையில் 10 சதவிகிதம், டீசலுக்கு 12.5 சதவிகிதம். எக்ஸ்-3இன் அறிமுக விலையை வைத்துப் பார்த்தால் பெட்ரோல் வண்டிக்கு வரி சுமார் 7.58 லட்சம், டீசல் வண்டிக்குச் சுமார் 9.72 லட்சம். விலை வித்தியாசம் 2 லட்சத்தையும் சேர்த்தால் டீசல் வாங்குபவர் முதல் நாளே 4.14 லட்சம் அதிகமாகக் கொடுக்கிறார்.

இனி வரவு. கம்பெனிக் கணக்குப்படி எக்ஸ்-3 லிட்டருக்குப் பெட்ரோலில் சுமார் 13 கிலோமீட்டர், டீசலில் சுமார் 18 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 95 ரூபாய், டீசல் 88 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் செலவு சுமார் 73,000 ரூபாய்; டீசல் செலவு சுமார் 49,000. மிச்சம் 24,000 ரூபாய். 4.14 லட்சத்தை 24,000 24,000ஆகத் திரும்பப் பெற 17 ஆண்டுகள் ஆகும். டீசல் வண்டிக்குத் தலைநகர் விதி கொடுக்கும் ஆயுளோ 10 ஆண்டு! ஜி.எல்.சி.க்கு இதே கணக்கைப் போட்டாலும் 15 ஆண்டுக்குக் குறையாது.

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு எட்டரை ஆண்டில் கணக்கு நேராகும். வாரந்தோறும் ஜெய்ப்பூருக்கோ சண்டிகருக்கோ போய் வருபவர்கள் டீசலை நினைத்துப் பார்க்கலாம். மயூர் விஹாரிலிருந்து கன்னாட் பிளேசுக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் ஊர்ந்து செல்பவருக்கு அதனால் லாபமில்லை; தொல்லை உண்டு. டீசல் வண்டியின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது அது சூடேறித் தன்னிடம் சேர்ந்த கரியை எரித்துக் கொள்ளும். நகர நெரிசலில் குறுகிய தூரமே ஓடினால் அது அடைத்துக் கொள்ளும்.

ஊர் திரும்பும் யோசனை உள்ளவர்கள்

"ரிடையரானதும் வண்டியை ஊருக்கே எடுத்துப் போய்விட்டால் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. தலைநகர்த் தமிழர்களுக்கு இது வெறும் பேச்சல்ல. மாம்பலத்திலோ, ஸ்ரீரங்கத்திலோ, கோவையிலோ ஒரு வீடு பலருக்குக் காத்திருக்கிறது. பத்தாண்டு விதி அங்கே இல்லை என்பதும் உண்மையே. ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். தில்லியிலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அங்கே வரியும் செலுத்த வேண்டும். தமிழகத்தில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவிகிதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும், பெரிய விலை வண்டிக்குத் தொகையும் பெரிதாகவே இருக்கும்.

மத்திய அரசு, பொதுத் துறை, ராணுவம் ஆகியவற்றில் பணிபுரிவோரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்களும் 2021இல் வந்த 'பி.எச்.' பதிவு வரிசையைக் கேட்டுப் பெறலாம். அதில் இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டலாம். மாற்றலாகிப் போனாலும் எண் மாறாது. அங்கேயும் டீசலுக்கு 2 சதவிகிதம் கூடுதல். எந்தப் பக்கம் திரும்பினாலும் டீசலுக்கு ஒரு தண்டனை காத்திருக்கிறது.

அரசின் கடமையும் உண்டு

வண்டியின் வயதை மட்டும் பார்த்து ஆயுளை முடிப்பது சரியான நீதி அல்ல என்போர் கட்சியில் வலு இருக்கிறது. ஒழுங்காகப் பராமரித்து ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிய பழைய வண்டியைவிட, இரவு பகலாக ஓடிய ஐந்து வயது வண்டி அதிகப் புகை கக்கலாம். புகையை அளந்து தீர்ப்புச் சொல்வதே முறை. அதற்கு நம்பத்தகுந்த சோதனை நிலையங்கள் வேண்டும். அவற்றை நிறுவுவது அரசின் பொறுப்பு. அதே சமயம் தில்லியின் நவம்பர் மாதத்து ஆகாயத்தைப் பார்த்த எவரும், எந்த விதியும் வேண்டாம் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். குழந்தைகளின் மூச்சும் இந்தக் கணக்கில் ஒரு பத்திதான்.

அரசு உடனே செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றுண்டு. பத்து ஆண்டே ஓட்டலாம் என்றால் அதை விற்கும் இடத்திலேயே, ரசீதிலேயே, கண்ணில் படும் எழுத்தில் அச்சிடச் செய்யலாம். மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி இல்லாவிட்டால் கடைக்காரரைப் பிடிக்கிறோம். முக்கால் கோடி ரூபாய்ப் பொருளுக்கு அந்தத் தேதி வேண்டாமா?

எக்ஸ்-3உம் ஜி.எல்.சி.யும் வாங்குவோர் சிலரே. ஆனால் 12 லட்ச ரூபாய் வண்டி வாங்கும் ஜனக்புரிக் குடும்பத்துக்கும் அதே வரி விகிதம், அதே பத்தாண்டு. பணக்காரருக்கு இது நஷ்டக் கணக்கு. நடுத்தர வர்க்கத்தாருக்கு இது சேமிப்பே கரையும் விஷயம். ஆதலால் எந்த வண்டியானாலும், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு, கடைசியில் எந்த ஊர் என்ற மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, எண்ணெயை முதலில் முடிவு செய்ய வேண்டும். வண்டியின் பெயரை அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.