பினாயில் பாட்டில் எங்கே இருக்கிறது?



போன தடவை வடாம் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கசப்பான விஷயம். சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் மண்ணூர்பேட்டையில் வாரம் ஒரு நாள் "பினாயிலே... ஆசிட்டே..." என்று கூவிக்கொண்டு வண்டியில் ஒருவர் வருவார். காலி பாட்டிலை நீட்டினால் கேனிலிருந்து ஊற்றித் தருவார். கடையைவிட மலிவு. நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் வாங்கினேன். எந்த பாட்டிலில் தெரியுமா? விருந்தாளிக்கு வாங்கிக் காலியான கலர் பாட்டிலில்!

மூன்று வருஷம் முன்பு என் தங்கை தன் இரண்டரை வயசுப் பையனோடு வந்திருந்தாள். கறுப்புப் பினாயிலும் கறுப்பு, அந்தக் கலரும் கறுப்பு. குழந்தைக்கு என்ன தெரியும்? ஒரு வாய் குடித்துவிட்டு வீலென்று கத்தினான். உதட்டோரம் வெள்ளையாக வெளுத்துப் போயிற்று. என் மாமியார் பதறிப்போய் உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினார். நல்லவேளை, எதிர்வீட்டு அக்கா முன்பு நர்ஸாக இருந்தவர். "வாந்தி மட்டும் எடுக்க வைக்காதீங்கம்மா!" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். உள்ளே போகும்போது சுட்டது, மேலே வரும்போது இன்னொரு முறை தொண்டையைச் சுடும். நுரையீரலுக்குள் இறங்கினால் அதைவிட ஆபத்து. வாயைக் கழுவித் துடைத்து, 108-ஐ கூப்பிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போனோம். எதைக் குடித்தான் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமல்லவா? மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். பிள்ளை பிழைத்தான். தங்கை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கறுப்புப் பினாயிலின் வீரியம் எல்லாம் பீனால் இனத்துச் சரக்குகளால்தான். 1834-ல் ஜெர்மனியில் ரூங்கே என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து பீனாலைப் பிரித்தார். கார்பாலிக் ஆசிட் என்பதும் அதுவேதான். 1865-ல் கிளாஸ்கோவில் வண்டி ஏறிக் கால் ஒடிந்த 11 வயசுப் பையனின் காயத்தில் லிஸ்டர் என்ற டாக்டர் அதை வைத்துக் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறிவிட்டது. கிருமியைக் கொல்லும் அதே குணம் நம் தோலையும் விடாது. அதிலும் ஒரு சூது உண்டு. பட்ட இடம் மரத்துப் போவதால் முதலில் எரிச்சல் தெரியாது. தெரியாமலே தோல் வழியாக உடம்புக்குள் இறங்கி, இதயத்தையும் மூளையையும்கூடத் தாக்கும்.

நம் வீட்டுக்குள் இது வேறு வேஷத்திலும் இருக்கிறது. குக்கர் கைப்பிடி, பழைய கறுப்பு ஸ்விட்ச் எல்லாம் பேக்லைட். பீனாலையும் ஃபார்மலினையும் சேர்த்துச் செய்வது. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த மோல்டிங் வேலைதான் பார்த்தார். பயப்படாதீர்கள், இறுகிய பிறகு அது கைப்பிடிதான், விஷமல்ல. நம் பக்கத்தில் தயாராகும் பிரேக் லைனிங்கிலும் இந்தப் பிசின் உண்டு. முந்திரித் தோட்டு எண்ணெயும் இதே இனம்தான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் தடவிக்கொள்வது சும்மா இல்லை.

பச்சைக் குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. 1970-களில் அமெரிக்காவில் சில மருத்துவமனைகளில், பிறந்த குழந்தைகளின் தொட்டில்களை பீனால் மருந்தால், அதுவும் சரியாகக் கலக்காமல் துடைத்தார்கள். குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடிவிட்டது. ஆகவே தொட்டில், ரப்பர் ஷீட், பொம்மை எதற்கும் பினாயில் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். தவழும் குழந்தை இருக்கும் கூடத்திலும் வேண்டாம். கக்கூஸ், சாக்கடை இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மூடி போட வேண்டிய இடத்தில் 'நல்லா மணக்கட்டும்' என்று நாலு மூடி ஊற்றுகிறோமே, அதுவும் தப்பு. பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது.

மேலே கொட்டிவிட்டால் துணியை உடனே கழற்றி, குழாயடியில் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது போதாது, அது இன்னும் பரவும். எரியவில்லையே என்று சும்மா இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் சிறுநீர் கறுப்பாகவோ பச்சையாகவோ போனால், உடம்புக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

வண்டிக்காரர் இப்போதும் வருகிறார். "என்னக்கா, பாட்டில் இல்லையா?" என்பார். நான் சீல் வைத்த டப்பாவைக் கடையில் வாங்கி, குளியலறை மேல்தட்டில், நானே ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். தங்கை மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வீட்டுக்கு வந்தால் கலர் வேண்டாம் என்கிறான். பெரியம்மா கையால் மோர்தான்.